மொறிஸ் மைனரில் இறுகிப்போன வக்கியூம் அட்வான்ஸ்: வன்னி வண்டிகளின் அனுபவம்

கிளிநொச்சியிலிருந்து:

பழைய மொறிஸ் மைனரோ ஒஸ்ரினோ வைத்திருப்பவர்கள் ஒருக்கா பொனற்றைத் திறந்து, காபிரேட்டரிலிருந்து, பொறியைச் சிலிண்டர்களுக்குப் பங்கிடும் டிஸ்ரிபியூட்டருக்குப் போகும் மெல்லிய குழாயைப் பாருங்கோ. இஞ்சினின் உறிஞ்சலை (வக்கியூம்) வைத்துப் பொறியை முந்தவைக்கும் வக்கியூம் அட்வான்ஸின் குழாய் இதுதான். எங்கள் மைனரில் அது நடுவில் நசுக்கி மடிக்கப்பட்டிருந்தது. ஐயாவிடம் கேட்டபோதுதான் கதை விளங்கியது.

1990களின் பொருளாதாரத் தடைக்குள் பெற்றோல் வன்னிக்கு வருவது அரிது. காபிரேட்டர் வாயில் சில துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, மண்ணெண்ணெயில்தான் வண்டிகளை ஓட்டினார்கள். மண்ணெண்ணெயின் ஒக்ரேன் மிகவும் குறைவு. பொறி கொஞ்சம் முந்தினாலும் இஞ்சின் நொக் பண்ணும் (உள்ளே தட்டும்). அதனால் மெக்கானிக்மார் ரைமிங்கை (பொறி விழும் நேரத்தை) பின்னுக்குத் தள்ளி, வக்கியூம் குழாயையும் அடைத்துவிட்டார்கள். அன்றைக்கு அதுதான் சரியான வேலை. அந்தக் கைகள் இல்லாவிட்டால் ஆஸ்பத்திரிக்கு ஆளைக் கொண்டுபோக எத்தனையோ ஊரில் வாகனமே இருந்திராது. 2002இல் ஏ9 வீதி திறந்து பெற்றோல் வந்த பிறகு ரைமிங்கைத் திருப்பிச் சரிசெய்தார்கள், குழாயை மட்டும் யாரும் கவனிக்கவில்லை.

வக்கியூம் அட்வான்ஸ் தேவையில்லாத சாமான் என்று இன்றைக்கும் சில கராஜில் சொல்கிறார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அரைவாசி அக்சிலேற்றரில் சீராக ஓடும்போது சிலிண்டருக்குள் போகும் கலவை குறைவு, அது எரிய நேரம் எடுக்கும். அப்போது பொறி முந்திக் கிடைக்க வேண்டும். இல்லாவிட்டால் பெற்றோல் வீணாகும், இஞ்சினும் சூடேறும். பரந்தனிலிருந்து மாங்குளம் வரை நேர் றோட்டில் ஒரே வேகத்தில் ஓடுகிற எங்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

சோதிப்பது சுகம். டிஸ்ரிபியூட்டர் மூடியைக் கழற்றுங்கோ. குழாயைக் காபிரேட்டர் பக்கம் கழற்றி, முனையைத் துடைத்து, வாயில் வைத்து உறிஞ்சுங்கோ. பொயின்ற் (பொறிக்காகத் திறந்து மூடும் தொடுமுனை) பூட்டியிருக்கும் தட்டு கொஞ்சம் சுழல வேண்டும். நாக்கால் முனையை அடைத்தால் அந்த இடத்திலேயே நிற்க வேண்டும். காற்று தாராளமாக வந்தால் முதலில் குழாயையும் ரப்பர் இணைப்பையும் பாருங்கோ, அவை நல்லதென்றால் வக்கியூம் யூனிற்றுக்குள் தட்டை இழுக்கும் டயபிறம் (மெல்லிய சவ்வு) கிழிந்துவிட்டது. காற்றும் வராமல் தட்டும் அசையாமல் இருந்தால் தட்டுத்தான் இறுகியிருக்கிறது. (குழாய் அடைபட்டிருந்தாலும் இப்படித்தான் காட்டும். நான் புதுக் குழாய் போட்டுத்தான் சோதித்தேன்.) எங்களுடையது இறுகல். சிலர் பார்க்காமலே “யூனிற் போயிற்று, புதுசு வேண்டுங்கோ” என்பார்கள். நம்ப வேண்டாம்.

ரோட்டரையும் பொயின்றையும் எடுத்து, யூனிற்றின் கம்பியைத் தட்டின் முளையிலிருந்து விடுவித்து, பக்கத்து இரண்டு ஸ்குரூவைக் கழற்றினால் தட்டு வெளியே வரும். மேல்தட்டுக்கும் கீழ்தட்டுக்கும் நடுவில் பழைய கிரீஸ் காய்ந்த பனங்கட்டி மாதிரி இருந்தது. குறட்டால் கம்பியைப் பிடித்து இழுக்கவே கூடாது, நல்ல டயபிறமும் கிழிந்துவிடும். தட்டைத் தனியே பெற்றோலில் ஊறவிட்டு, கையால் அங்கும் இங்கும் மெதுவாக அசைக்க, முதலில் ஒரு மயிரிழை, பிறகு முழுதாக விட்டுக்கொடுத்தது. பூட்டும்போது மெல்லிய பூச்சாக மட்டும் கிரீஸ். கூடினால் பொயின்ற்றில் பட்டு எரியும். பொயின்ற் இடைவெளி 0.015 அங்குலம்.

யூனிற்றையும் கழற்றுவதென்றால் கீழே வெள்ளைத் துணி விரியுங்கோ. லூக்காஸ் 25டி4 வகை டிஸ்ரிபியூட்டரில் ரைமிங் திருகும் நட்டுக்கு முன்னால் ஒரு சின்னஞ்சிறு சேர்கிளிப் (வளையக் கிளிப்), பின்னால் ஒரு ஸ்பிறிங். செம்மண்ணில் பறந்தால் கிடைக்காது.

முல்லைத்தீவிலிருந்து:

அண்ணை, எங்கட ஒஸ்ரினில் டயபிறமே கிழிந்துவிட்டது. கொழும்பு பஞ்சிகாவத்தையில் பழசு ஒன்று எடுத்தோம். அச்சொட்டாக அதே உருவம். பூட்டி மேடு ஏறினால் நொக் சத்தம். பிறகுதான் லூக்காஸ் யூனிற்றில் அடித்திருக்கும் எண்களைக் கவனித்தோம். 5-17-10 என்றிருந்தால், 5 அங்குலப் பாதரச வக்கியூமில் இழுக்கத் தொடங்கி, 17இல் முழுதாக இழுத்து, டிஸ்ரிபியூட்டரில் 10 பாகை முந்தும். கிராங் இரண்டு சுற்றுச் சுற்றினால்தான் டிஸ்ரிபியூட்டர் ஒன்று சுற்றும், அதனால் கிராங்கில் அது 20 பாகை. நாங்கள் எடுத்ததில் முதல் எண் குறைவு, கடைசி எண் கூட. உருவத்தைப் பார்த்து வாங்க வேண்டாம், பழைய யூனிற்றைக் கையோடு கொண்டுபோங்கோ.

வவுனியாவிலிருந்து:

ஒன்று சேர்க்கிறேன். தட்டு அசையாமல் கிடந்த காலத்தில் அதிலிருந்து டிஸ்ரிபியூட்டரின் பொடிக்கு (உடலுக்கு) போகும் சின்ன ஏர்த் வயரும் அசையாமல் கிடந்து விறைத்துப்போயிருக்கும். தட்டு சுழலத் தொடங்கியதும் அது உள்ளே அறும். வெளியில் உறை நல்லாகவே தெரியும். ஓமந்தை தாண்டி எனக்கு இஞ்சின் விட்டு விட்டு அடித்தது, நின்றுகொண்டு பார்த்தால் ஒரு குறையும் இல்லை. அக்சிலேற்றரைக் கொடுத்தால் மட்டும் வரும். கொயிலையும் கொண்டென்சரையும் மாற்றியும் தீரவில்லை, கடைசியில் இந்த வயர். பொயின்றுக்கு வரும் வயரையும் சேர்த்து மாற்றுங்கோ. மெல்லிய செப்பு இழை நிறைய உள்ள, துவளுகிற வயராக இருக்க வேண்டும். வீட்டு வயரிங் துண்டு கெதியில் அறுந்துவிடும்.

கிளிநொச்சியிலிருந்து:

நன்றி அண்ணை, ஏர்த் வயரை நாளைக்கே மாற்றுகிறேன். முல்லைத்தீவுத் தம்பி, அந்தப் பொருந்தாத யூனிற் இன்னும் உங்களிடம் இருந்தால் எண்ணை எழுதுங்கோ. மாங்குளத்தில் ஒருவர் மைனருக்குத் தேடுகிறார். அவருடைய பழைய யூனிற்றில் என்ன எண் அடித்திருக்கிறது என்று கேட்டுச் சொல்கிறேன், ஒத்துப்போனால் வந்து எடுப்பார்.