ஒரே அக்சஸ் ஃபைலில் ஆறு பேரும் ஒரே நேரத்தில் பதிவு போடணும், வழி உண்டா?

கேள்வி:
ஸ்டாக், பில் இரண்டுக்கும் ஒரே மைக்ரோசாஃப்ட் அக்சஸ் டேட்டாபேஸ் ஃபைல்தான். சர்வரில் ஷேர் ஃபோல்டரில் கிடக்கு. ஒருத்தர் திறந்திருந்தா மற்றவங்களுக்குத் திறக்கவே மாட்டேங்குது, திறந்தாலும் படிக்க மட்டும்தான் முடியுது. என்ன மாத்தணும்?

பதில் 1:
முதல்ல ஃபோல்டர் பெர்மிஷனைப் பாருங்க சார். முதல் ஆள் திறந்ததுமே அக்சஸ் அதே ஃபோல்டரில் ஒரு லாக் ஃபைலை உருவாக்கும். கடைசி ஆள் மூடினதும் அதை அழிச்சிடும். உள்ளே யார் இருக்காங்க, எந்தப் பதிவு பூட்டியிருக்கு என்பதெல்லாம் அதை வச்சுத்தான். அதனால ஆறு பேருக்கும் அங்கே ஃபைல் உருவாக்கவும் அழிக்கவும் உரிமை வேணும். ஷேரிங்கில் 'சேஞ்ச்' கொடுத்துட்டு 'செக்யூரிட்டி' பக்கத்தில் 'மாடிஃபை' கொடுக்க மறந்துடுவாங்க. இரண்டும் வேணும்.

பிறகு ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் ஆப்ஷன்ஸ், கிளையண்ட் செட்டிங்ஸ் போய் ஓபன் மோடை 'ஷேர்டு' என்றும், லாக்கிங்கை 'எடிட்டட் ரெக்கார்டு' (திருத்துற பதிவை மட்டும் பூட்டும்) என்றும் வைங்க.

பதில் 2:
மேலே சொன்னது சரி, ஆனா ஃபைலைப் பிரிக்காம ஆறு பேரை உள்ளே விடாதீங்க. ஒரு காப்பி எடுத்து வச்சுட்டு, டேட்டாபேஸ் டூல்ஸில் 'அக்சஸ் டேட்டாபேஸ்' பட்டனை அழுத்துங்க. ஃபைல் இரண்டா பிரியும். பதிவுகள் உள்ள டேபிள்கள் மட்டும் பேக் எண்டா சர்வரில் இருக்கட்டும். ஃபார்ம், ரிப்போர்ட், குவெரி உள்ள ஃப்ரண்ட் எண்ட் ஆளுக்கு ஒரு காப்பியா அவங்கவங்க சி டிரைவில் இருக்கணும். ஒரே ஃப்ரண்ட் எண்டை எல்லாரும் ஷேரிலிருந்து திறந்தா பிரிச்சதே வீண். ஃப்ரண்ட் எண்டிலிருந்து பேக் எண்டுக்கு லிங்க் கொடுக்கும்போது இசட் டிரைவ் மாதிரி எழுத்து வேண்டாம், சர்வர் பெயரோட முழுப் பாதையைக் கொடுங்க.

வைஃபை கூடவே கூடாது, கேபிள்தான். அக்சஸில் சர்வர் பக்கம் எழுதித் தர தனி புரோகிராம் எதுவும் இல்லை. ஒவ்வொரு கம்ப்யூட்டரும் நேரடியா அந்த ஃபைலுக்குள்ள எழுதுது. எழுதும்போது இணைப்பு விட்டா ஃபைல் கெட்டுப்போகும். பேக் எண்டை ஒன்டிரைவ், டிராப்பாக்ஸ் ஃபோல்டரில் வைக்கிறதும் ஆபத்துதான்: ஆளுக்கொரு காப்பியில் எழுதி, கடைசியில் எது சரியான கணக்குன்னே தெரியாது.

கேள்வி கேட்டவர்:
பிரிச்சாச்சு, ஆறு பேருக்கும் திறக்குது. ஆனா இரண்டு பேருக்கு ஒரே பில் நம்பர் வந்துடுச்சு.

பதில் 3:
ஃபார்ம் திறந்ததும் கடைசி நம்பரோட ஒன்று கூட்டி எடுக்கிறீங்க, இல்லையா? கடைசி பில் 1042 என்றால் இரண்டு பேருக்குமே 1043 கிடைக்கும். அந்த வரியை ஃபார்மின் 'பிஃபோர் அப்டேட்' நிகழ்வுக்கு மாத்துங்க, சேமிக்கிற கணத்தில்தான் நம்பர் எடுக்கணும். அப்பவும் மோத வாய்ப்பு உண்டு. அதனால டேபிளில் பில் நம்பருக்கு 'நோ டூப்ளிகேட்ஸ்' இண்டெக்ஸ் (ஒரே நம்பரை இரண்டு முறை ஏற்காது) போட்டு, அந்த நம்பர் ஏற்கனவே இருக்குன்னு சொல்ற 3022 பிழை வந்தா அடுத்த நம்பரை எடுத்துத் திரும்பச் சேமிக்கிற மாதிரி எழுதிடுங்க.

பதில் 2:
இன்னொன்று. பேக் எண்ட் 2 ஜிபிக்கு மேல போகாது. ஃபைலைச் சுருக்கிச் சரிசெய்ற 'காம்பாக்ட் அண்ட் ரிப்பேரை' எல்லாரும் வெளியே வந்தபிறகு, லாக் ஃபைல் மறைஞ்சிருக்கான்னு பார்த்துட்டு ஓட்டுங்க. வேற ஊர்க் கிளையும் சேரணும்னா டேபிள்களை எஸ்க்யூஎல் சர்வர் எக்ஸ்பிரஸ் என்ற மைக்ரோசாஃப்ட் டேட்டாபேஸ் சர்வருக்கு மாத்திடுங்க. இலவசம்தான். இதே ஃப்ரண்ட் எண்டை அதோட இணைச்சுக்கலாம்.