எனக்கு அழுகையே வரவில்லை

மாடிப்படி:
குழந்தைக்கு இப்போது 14 மாதம். பிரசவத்துக்குப் பிறகு எனக்கு வந்தது மனச்சோர்வுதான் என்று இப்போது சுலபமாகச் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு அது எனக்கே தெரியவில்லை. உங்களுக்கு எப்படித் தெரியவந்தது என்று கேட்கத்தான் எழுதுகிறேன். முதலில் என் கதை.

மூன்றாம் நாள் நிறைய அழுதேன். யாராவது அன்பாக ஒரு வார்த்தை பேசினாலே போதும், கண்ணீர் கொட்டும். வார்டு நர்ஸ், “எல்லாருக்கும் வர்றதுதாம்மா, ரெண்டு வாரத்துல போயிடும்” என்றார். அவர் சொன்னது சரி. பிரசவம் முடிந்ததும் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்ட்ரோன் என்ற இரண்டு ஹார்மோன்களும் ஒரேயடியாகச் சரிகின்றன. பாதிக்கு மேற்பட்ட தாய்மாருக்கு இந்த அழுகை வந்து தானாக அடங்கிவிடுகிறது. எனக்கும் அடங்கியது. ஆனால் அழுகையோடு மற்ற எல்லாமும் போய்விட்டது.

பால் கொடுத்த நேரம், துணி மாற்றிய நேரம் என்று ஒரு நோட்டில் நிமிடக் கணக்காக எழுதினேன். வீடு பளிச்சென்று இருந்தது. வந்தவர்கள் எல்லாரும் “என்ன பொறுப்பு!” என்றார்கள். எனக்கோ யாரோ ஒருவருடைய குழந்தையைச் சம்பளத்துக்குப் பார்த்துக்கொள்வது போல இருந்தது. அது தூங்கினாலும் எனக்குத் தூக்கம் வராது. மூச்சு வருகிறதா என்று மூக்கருகே விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

அப்புறம் அந்தப் படிக்கட்டு. குழந்தையோடு இறங்கப் போனால், அது கையிலிருந்து நழுவி விழுவது போல ஒரு காட்சி கண்முன் வரும். சில நாள் நானே விடுவது போலவும் வரும். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் குழந்தையைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்று பயம். இறங்குவதையே நிறுத்திவிட்டேன். மாடியில்தான் காற்று நன்றாக வருகிறது என்று எல்லாரிடமும் சொன்னேன்.

ஆறாவது வாரம் டாக்டரிடம் போனபோது பத்துக் கேள்விகள் உள்ள தாள் ஒன்று கொடுத்தார்கள். எடின்பரோ அளவுகோல் என்று பெயர், 1987இல் உருவானது. கடந்த 7 நாட்களில் சிரிக்க முடிந்ததா, காரணமில்லாமல் பயந்தீர்களா என்பது போன்ற கேள்விகள். எது ‘நல்ல’ பதில் என்று பார்த்தாலே தெரிந்துவிடும். எல்லாவற்றுக்கும் அதையே குறித்துக் கொடுத்தேன். அந்தப் பதிலுக்கு மதிப்பெண் பூஜ்யம், மனச்சோர்வின் அடையாளங்கள் கூடக் கூடத்தான் மதிப்பெண்ணும் கூடும்.

டாக்டர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “ஆறு வாரக் குழந்தைய வச்சிருக்கிறவங்க பூஜ்யம் வாங்கி நான் பார்த்ததில்லையே. குழந்தை தூங்கும்போது உங்களால தூங்க முடியுதா?”

முடியவில்லை என்றேன். அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு மற்றதெல்லாம் தானாக வந்துவிட்டது, படிக்கட்டு உட்பட. “அந்தக் காட்சி வரும்போது பதறுறீங்க இல்ல? அது உங்க ஆசை இல்லைங்கிறதுக்கு அதுவே அடையாளம். நிறைய அம்மாக்களுக்கு இப்படி வருது, யாரும் வெளிய சொல்றதில்லை” என்றார். தாளை மறுபடி நிரப்பினேன். 30க்கு 19. வழக்கமாக 13ஐத் தொட்டாலே கவனமாகப் பார்ப்பார்களாம். பத்தாவது கேள்வி தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணத்தைப் பற்றியது. அதற்கு மட்டும் ‘இல்லவே இல்லை’ தவிர வேறு பதில் வந்தால், மொத்த மதிப்பெண் எதுவானாலும் அன்றைக்கே உட்கார்ந்து பேசிவிடுவார்கள்.

ரத்தப் பரிசோதனையும் எடுத்தார்கள். ரத்தசோகையும் பிரசவத்துக்குப் பின் வரும் தைராய்டு கோளாறும் இதே மாதிரி ஆளை முடக்கிப்போடுமாம். எனக்கு அவை இல்லை. வாராவாரம் ஆலோசகரிடம் பேச்சு, கூடவே செர்ட்ராலின் என்ற மனச்சோர்வு மாத்திரை. தாய்ப்பாலில் மிகக் குறைவாகவே சேரும் மருந்து அது என்பதால் பால் கொடுப்பதை நிறுத்தவில்லை. முதல் மூன்று வாரம் ஒரு மாற்றமும் தெரியவில்லை. ஐந்தாவது வாரத்தில் ஒருநாள் குழந்தை தும்மியதைப் பார்த்துச் சிரித்தேன். நோட்டில் அந்த நேரத்தையும் எழுதி வைத்திருக்கிறேன், காலை 11.20.

இரவுக்காவலர்:
நான் கணவர் தரப்பு. என் மனைவியிடம் அது கோபமாகத்தான் வந்தது. கதவு சத்தமாகச் சாத்தினால் சண்டை, நான் இருமினால் சண்டை. என் அம்மாவைப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நானாக ஒரு கதை கட்டிக்கொண்டேன். ஒருநாள் துணி மடித்துக்கொண்டே, சாதாரணமாக, “நான் இல்லாட்டி நீங்க ரெண்டு பேரும் நல்லா இருப்பீங்க” என்றாள். நான் ஏதோ ஜோக் அடித்துச் சமாளித்தேன். அந்த ஜோக்கை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

மறுநாள் அவள் அக்காதான் நேராகவே கேட்டார், “சாகணும்னு தோணுதா?” என்று. அப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்று நினைத்திருந்தேன். அது தவறு. அவள் “ஆமா” என்று சொன்னதும் அவள் தோள் இறங்கியதைப் பார்த்தேன். அன்றைக்கே டாக்டரிடம் போனோம். வீட்டில் நான் செய்யக்கூடியதாக அவர் சொன்னது ஒன்றுதான்: இவங்களுக்கு ஒரே மூச்சில் ஐந்து மணி நேரத் தூக்கம் வேண்டும். இரவு 9 முதல் 2 வரை குழந்தை என் பொறுப்பு ஆனது. பம்ப் செய்து வைத்த பாலைக் கொடுக்கக் கற்றுக்கொண்டேன். ‘உதவி’ என்று அதைச் சொன்னதற்கு ஒருமுறை திட்டு வாங்கினேன், நியாயமான திட்டு.

ரெண்டாம் சுற்று:
எனக்குப் பிரசவத்துக்கு முன்பே, ஏழாம் மாதத்திலேயே ஆரம்பித்துவிட்டது. அப்படியும் வரும், ஓராண்டுக்குள் எப்போது வேண்டுமானாலும் வரும். முதல் முறை வந்தால் அடுத்த முறையும் வர வாய்ப்பு அதிகம் என்று தெரிந்ததால், இரண்டாவது குழந்தைக்கு டாக்டரோடு முன்கூட்டியே பேசிவைத்தோம். வந்தது, ஆனால் பாதி வழியிலேயே பிடித்துவிட்டோம். மாடிப்படி, அந்தக் காட்சி இன்னும் வருகிறதா?

தங்கை:
என் அக்காவுக்கு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது வேறு. ஐந்தாம் நாள். இரண்டு இரவு தூங்கவில்லை, ஆனால் களைப்பே இல்லை. படபடவென்று பேசினாள். குழந்தையை மாற்றிவிட்டார்கள் என்றாள். பிரசவ அலுப்பு என்று நினைத்து நாங்கள் ஒருநாளை வீணாக்கினோம். அது மனச்சோர்வு இல்லை, பிரசவத்துக்குப் பின் வரும் சைக்கோசிஸ், எது நிஜம் என்பதே பிடிபடாமல் போகும் நோய். ஆயிரம் பிரசவத்தில் ஒன்றிரண்டு பேருக்கு வருவது. மாரடைப்பு போல உடனே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டிய அவசரம், தாயையும் குழந்தையையும் ஒரு நிமிடம்கூடத் தனியே விடக்கூடாது. அக்கா தேறிவிட்டாள். அந்த வாரத்தில் பாதி அவளுக்கு நினைவில் இல்லை. எனக்குத்தான் எல்லாம் நினைவில் இருக்கிறது.

பழைய அம்மா:
என் மகனுக்கு 36 வயது. எங்கள் காலத்தில் இதற்கு ‘திமிர்’ என்று பெயர். அவனுடைய முதல் வருடத்தில் எடுத்த ஒரு போட்டோவிலும் நான் சிரிக்கவில்லை. போட்டோ எடுத்தவர்கள் யாரும் ஏன் என்று கேட்கவும் இல்லை. இதையெல்லாம் படித்துவிட்டு, இத்தனை வருடம் கழித்து இன்று மதியம் கொஞ்சம் அழுதேன்.

மாடிப்படி:
பழைய அம்மா, உங்கள் பதிவை என் கணவருக்கும் வாசித்துக் காட்டினேன். ரெண்டாம் சுற்று, எப்போதாவது வருகிறது, தூக்கம் கெட்ட நாளில். இப்போது இறங்கிவிடுகிறேன், ஒரு கையில் குழந்தை, ஒரு கையில் கைப்பிடி. மேலேயே இருக்கலாமே என்றால் மகன் விடுவதில்லை, அவனுக்குக் கீழே பூனை இருக்கிறது.