செட் மாற்றுவதை ஒரு நாள் தள்ளிப்போட்ட இரவு

என் மகளுக்கு ஒன்பது வயது, டைப் 1 சர்க்கரை நோய். இரண்டு வருடமாக இன்சுலின் பம்ப் போட்டிருக்கிறாள். பம்பிலிருந்து இன்சுலினைக் கொண்டுவரும் டியூபும், தோலுக்கு அடியில் நிற்கும் மெல்லிய குழாயும் (கேனுலா) சேர்ந்ததுதான் இன்ஃப்யூஷன் செட். அதை இரண்டு, மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்றியாக வேண்டும் என்று முதல் நாளே சொல்லித்தான் கொடுத்தார்கள். ஆகவே தெரியாமல் செய்தேன் என்று சொல்ல முடியாது. அன்று மூன்றாம் நாள் மாலை. பம்பில் இன்சுலின் இன்னும் மிச்சம் இருந்தது. மறுநாள் பரீட்சை, குத்த வேண்டாம் என்று அழுதாள். சரி, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் இரவு பத்து மணிக்கு சுகர் 310. பம்ப் வழியாகவே கூடுதல் டோஸ் கொடுத்தேன். பன்னிரண்டு மணிக்குப் பார்த்தால் 365. வயிறு வலிக்கிறது என்றாள், வாந்தி எடுத்தாள். இரத்தக் கீட்டோன் (இன்சுலின் போதாதபோது இரத்தத்தில் சேரும் அமிலம்) 1.9. பம்பில் ஒரு அலாரமும் அடிக்கவில்லை. செட்டைப் பிரித்தபோதுதான் தெரிந்தது: பிளாஸ்டரின் அடிப்பக்கம் ஈரம், இன்சுலின் வாடை. கொடுத்த டோஸ் உடம்புக்குள் போகாமல் தோலின் மேலேயே கசிந்திருக்கிறது. அடைப்பு இருந்தால் பம்ப் கத்தும், கசிவு அதற்குத் தெரியாது.

மருத்துவருக்குப் போன் செய்து, அவர் சொன்ன அளவை இன்சுலின் பேனாவில் (கையால் குத்தும் ஊசி) போட்டு, புது செட்டை வேறு இடத்தில் வைத்தோம். விடியும்போதுதான் கீட்டோன் 0.6-க்குக் கீழே வந்தது. பம்பில் இருப்பது வேகமாக வேலை செய்யும் இன்சுலின் மட்டும்தான். நீண்ட நேரம் நிற்கும் இன்சுலின் உடம்பில் எதுவும் இல்லை. அதனால் பம்பிலிருந்து இன்சுலின் வருவது நின்றால் சில மணி நேரத்திலேயே கீட்டோன் ஏறத் தொடங்கிவிடும். 3.0-ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து.

இப்போது எங்கள் வீட்டில் இதுதான் வழக்கம். சுகர் காரணமில்லாமல் ஏறி, பம்ப் வழியாகக் கொடுத்த டோஸுக்கு இறங்கவில்லை என்றால், அடுத்த டோஸ் பேனாவில்தான். அதோடு செட்டையும் அப்போதே மாற்றுவோம், எத்தனையாவது நாள் என்று பார்ப்பதில்லை. மாற்றும் நாள் வந்தால் காலையில்தான் மாற்றுவோம், படுக்கப் போகும்முன் இல்லை. புது கேனுலா உள்ளே மடங்கியிருந்தால் இரண்டு மணி நேரத்தில் சுகர் காட்டிக்கொடுக்கும், அப்போது எல்லோரும் விழித்திருக்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வயிற்றின் வலது பக்கத்தில்தான் வலிக்கவில்லை என்று எப்போதும் அங்கேயே போடச் சொல்வாள். நானும் போட்டேன். அங்கே கொழுப்பு கட்டிதட்டிப் போயிருந்தது. வலி தெரியாததற்கும் இன்சுலின் ஒழுங்காக உறிஞ்சாததற்கும் அதுவே காரணம். அந்த இடத்துக்கு மாதக்கணக்கில் ஓய்வு கொடுத்தோம்.

ஸ்டீல் ஊசி உள்ள செட் என்றால் இரண்டு நாளுக்குமேல் வைக்காதீர்கள். ஏழு நாள் வரை வைக்கக்கூடிய செட் ஒன்றுக்கு 2021-இல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அனுமதி கொடுத்திருக்கிறது. அது அதற்கென்றே செய்த செட். அதைக் கேள்விப்பட்டு சாதாரண செட்டை இழுத்துப்பிடிக்க வேண்டாம்.

*

மேலே எழுதிய சகோதரிக்கு, குழந்தை தேறியதில் மிகுந்த மகிழ்ச்சி. நான் பத்தொன்பது வருடமாக நர்ஸ். பம்ப் செட்டுக்கான நாள் கணக்கை டிரிப்ஸ் ஊசிக்கும் சேர்த்துக் கேட்பவர்கள் நிறைய. இரண்டும் வேறு.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது கையில் போடும் ஐ.வி. கேனுலாவை 72 மணி நேரம் ஆனதும் எடுத்துவிட வேண்டும். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் லைனை எடுத்துவிட்டு, நரம்பே கிடைக்காத ஒரு பாட்டிக்கு நாலு இடத்தில் குத்தியிருக்கிறேன். அவர் ஒன்றும் சொல்லாமல் கையை நீட்டிக்கொண்டே இருந்தார். அந்த முகம் இன்னும் மறக்கவில்லை. 2012-இல் லான்செட் மருத்துவ இதழில் ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று வந்தது. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகள். நாள் கணக்கில் மாற்றியவர்கள், தேவைப்பட்டபோது மட்டும் மாற்றியவர்கள் என இரு பிரிவிலும் ஊசி போட்ட இரத்தக் குழாயில் அழற்சி 7 சதவீதம்தான். அதற்குப் பிறகு பல இடங்களில் முறை மாறியது.

ஆனால் 'தேவைப்பட்டால் மாற்றலாம்' என்பது ஒவ்வொரு ஷிஃப்டிலும் யாராவது அந்த இடத்தைப் பார்த்தால்தான் பொருந்தும். எதற்கும் இருக்கட்டும் என்று விட்டிருந்த ஒரு கேனுலா என் கண்முன்னேயே ஒருவருக்குக் காய்ச்சலைக் கொண்டுவந்தது. அதில் இரண்டு நாளாக மருந்தே ஏறவில்லை. மேலே ஒட்டியிருந்த துணி பிளாஸ்டரை யாரும் விலக்கிப் பார்க்கவில்லை. நானும்தான். வலி, சிவப்பு, வீக்கம், தொட்டால் கயிறு போல நரம்பு, கசிவு, இதில் ஒன்று தெரிந்தாலும் உடனே சொல்லுங்கள், எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். மருந்து நின்றுவிட்டது என்றால் "இந்த ஊசி இன்னும் எதற்கு?" என்று தயங்காமல் கேளுங்கள். அவசரத்தில், சுத்தம் பார்க்க நேரமில்லாமல் போட்ட லைனை மட்டும் 48 மணி நேரத்துக்குள் மாற்ற வேண்டும்.

டிரிப்ஸ் டியூபுக்குத் தனிக் கணக்கு. தொடர்ந்து ஓடும் சாதாரண திரவம் என்றால் நாலு நாளுக்கு முன்னால் மாற்றத் தேவையில்லை, ஏழு நாளைத் தாண்டவும் கூடாது. இரத்தமோ கொழுப்புச் சத்துத் திரவமோ ஏறிய டியூப் என்றால் அதிகபட்சம் 24 மணி நேரம். அவை கிருமிகளுக்கு நல்ல தீனி.

*

நாள் கணக்கைத் தவறவிட்ட கதை எங்கள் வீட்டிலும் உண்டு. அப்பாவுக்குத் தண்டுவடத்தில் அடிபட்டதிலிருந்து யூரின் டியூப். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றினால் போதும் என்று பக்கத்துப் படுக்கைக்காரர் சொன்னதை நம்பினோம். அவருக்கு இருந்தது முழு சிலிக்கான் டியூப், 12 வாரம் வரை போகும். அப்பாவுக்கு இருந்தது டெஃப்லான் பூச்சுப் பூசிய லேடெக்ஸ் (ரப்பர்), 28 நாள்தான். பாக்கெட்டிலேயே எழுதியிருந்தது, யாரும் படிக்கவில்லை. ஆறாவது வாரம் ஒரு மதியம் பை காலியாகவே இருந்தது, டியூபைச் சுற்றிச் சிறுநீர் ஒழுகியது, அடிவயிறு கல் போல இறுகிவிட்டது. மருத்துவமனையில் டியூபை எடுத்ததும் முனையைக் காட்டினார்கள். மணல் ஒட்டியது போல உப்புப் படிவம்.

சிலிக்கானுக்கு மாறிய பிறகும் மூன்று முறை தொடர்ந்து ஐந்தாவது வாரத்தில் அடைத்தது. சிறுநீரில் சில வகைக் கிருமிகள் இருந்தால் உப்பு சீக்கிரம் படியும் என்றார் மருத்துவர். போட்ட நாள், அடைத்த நாள், டியூப் வகை எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தேன். அதைப் பார்த்துத்தான், அடைக்கும்வரை காத்திருக்காமல் நாலாவது வாரமே மாற்றுவோம் என்று அவர் முடிவு செய்தார். அதன் பிறகு அவசரமாக ஓட வேண்டி வரவில்லை.

பையை வாரம் ஒருமுறை மாற்றுகிறோம், நடுவில் இணைப்பைப் பிரிப்பதே இல்லை. படுக்கையில் புரட்டும்போதும் பை இடுப்புக்கு மேலே போகாமல் ஒருவர் பிடித்துக்கொள்வோம்.

*

அண்ணா, உங்கள் நோட்டு யோசனையை எடுத்துக்கொண்டேன். இப்போது மகளே ஒரு உடம்புப் படம் வரைந்து, செட் போட்ட இடத்தில் தேதி எழுதுகிறாள். போடும் இடத்தைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பையும் அவளிடமே கொடுத்துவிட்டேன், அழுகை பாதி குறைந்துவிட்டது. இன்று காலை ஏழரைக்கு இடது தொடையில் போட்டோம். ஒன்பதரைக்கு சுகர் 128.