காஷன்: எச்சரிக்கையா, கவனமா?

தறிநூல்:
ஒரு ட்ரில்லிங் மெஷின் கையேட்டைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். ஒரே பக்கத்தில் மூன்று பெட்டிகள்: சிவப்பில் டேஞ்சர், ஆரஞ்சில் வார்னிங், மஞ்சளில் காஷன். முதலாவதற்கு 'அபாயம்' போட்டாயிற்று. மற்ற இரண்டுக்கும் அகராதி 'எச்சரிக்கை' என்றே சொல்கிறது. காஷனுக்கு 'கவனம்' போடலாமா?

மைக்கூடு:
வேண்டாம். ஒருவர் காஷனோடு நடந்துகொள்கிறார் என்றால் அது அவர் குணம். அவருக்கு இன்னொருவர் காஷன் கொடுத்தார் என்றால் அது வெளியிலிருந்து வருவது. தமிழிலும் 'எச்சரிக்கையாக இரு', 'எச்சரிக்கை விடுத்தார்' என்று ஒரே சொல் இரண்டையும் சுமக்கிறது. இப்படிப் பொருந்தும் சொல் கிடைப்பதே அபூர்வம். 'கவனம்' ரொம்ப மெலிசு. பாடத்தையும் கவனிக்கிறோம், விருந்தாளியையும் கவனிக்கிறோம். அதில் ஆபத்தின் வாடையே இல்லை.

ஏழாம்பக்கம்:
சொல்லளவில் சரி. ஆனால் அவர் கேட்பது பெட்டிக்கு. பாதுகாப்புக் குறிப்புகளுக்கான ஆன்சி இசட்535 என்ற அமெரிக்கத் தரநிலையில் இந்த மூன்றும் படிக்கட்டு மாதிரி. ஆபத்தைத் தவிர்க்காவிட்டால் சாவு அல்லது பலத்த காயம் நேரும் என்றால் டேஞ்சர். அதே சாவோ பலத்த காயமோ நேரக்கூடும் என்றால் வார்னிங். சிறிய அல்லது நடுத்தரக் காயம் நேரக்கூடும் என்றால் காஷன். இரண்டுக்கும் 'எச்சரிக்கை' என்று எழுதினால் விரலில் கீறல் விழும் இடமும் உயிர் போகும் இடமும் ஒன்றாகிவிடும்.

மைக்கூடு:
நிறம் இருக்கிறதே?

ஏழாம்பக்கம்:
கறுப்பு வெள்ளையில் அச்செடுத்தால்?

மைக்கூடு:
சரி, அது ஒரு துறையின் ஏற்பாடு. அதை வைத்துச் சொல்லுக்கே பொருள் சொல்லாதீர்கள். கால்பந்தில் மஞ்சள் அட்டை காட்டுவதற்கு விதிப்புத்தகத்தில் உள்ள பெயரே காஷன்தான். ஒரே ஆட்டத்தில் இரண்டாவது வாங்கினால் வெளியே. இங்கிலாந்தில் கைது செய்யும் போலீஸ்காரர் 'நீங்கள் எதுவும் சொல்ல வேண்டியதில்லை' என்று தொடங்கிச் சொல்வதும் காஷன். 'நடுவர் கவனம் கொடுத்தார்' என்று எழுதிப் பாருங்கள், சிரிப்பார்கள்.

ஏழாம்பக்கம்:
அங்கே நானும் எழுத மாட்டேன். கால்பந்துக்கு வேறு, ட்ரில்லுக்கு வேறு என்றுதானே சொல்கிறேன்.

ஓரஇருக்கை:
நடுவில் நுழைகிறேன். வேர் லத்தீன் 'கவேரே': காத்துக்கொள், ஜாக்கிரதையாக இரு. விடுதியில் சேரும்போது கட்டும் காஷன் டெபாசிட்டில் எச்சரிக்கையும் இல்லை, கவனமும் இல்லை, அது பிணைத்தொகை. ஸ்காட்லாந்துச் சட்டத்தில் இன்றும் இந்தச் சொல்லுக்குப் பிணை என்றுதான் பொருள். உச்சரிப்புகூட 'நேஷன்' மாதிரி 'கேஷன்'. எனக்கு இதற்கெல்லாம் அடியில் 'காப்பு' என்ற நம் சொல்தான் தெரிகிறது.

மைக்கூடு:
மெஷின்மேல் 'காப்பு' என்று எழுதினால் கையில் மாட்டப் பார்ப்பார்கள்.

தறிநூல்:
பெட்டிக்குள் இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். வார்னிங்: ஈரமான இடத்தில் இயக்க வேண்டாம், மின்சாரம் தாக்கலாம். காஷன்: வேலை முடிந்ததும் ட்ரில் பிட் சூடாக இருக்கும், வெறுங்கையால் தொட வேண்டாம்.

ஏழாம்பக்கம்:
வாய்விட்டுப் படியுங்கள். 'கவனம்: பிட் சூடாக இருக்கும்.' உறுத்துகிறதா? மின்சாரத்துக்குக் 'கவனம்' போட்டால்தான் உறுத்தும்.

மைக்கூடு:
சூடான பிட்டுக்கு ஒத்துக்கொள்கிறேன். ஆனால் முதல் பக்கத்தில் மூன்று சொல்லுக்கும் விளக்கம் எழுதிவிடுங்கள். எது மேல்படி, எது கீழ்ப்படி என்று படிப்பவர் ஜோசியம் பார்க்க முடியாது. அப்புறம், இதே ஏணியை ரசாயன டப்பாவுக்குத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். ரசாயனங்களின் ஆபத்தை வகைப்படுத்தி லேபிளில் காட்டும் ஐ.நா.வின் ஜிஎச்எஸ் முறையில் டேஞ்சர், வார்னிங் இரண்டே, காஷன் கிடையாது.

தறிநூல்:
நல்லவேளை சொன்னீர்கள். மெஷினோடு ஒரு பசைக்குழாயும் வருகிறது, அதில் வார்னிங் என்றிருக்கிறது. அதற்கு?

ஏழாம்பக்கம்:
எச்சரிக்கை.

மைக்கூடு:
எச்சரிக்கை. இதில் எங்களுக்குள் சண்டை இல்லை.