காரைக்குடி வட்டாரத்து வீட்டில் ஒரு பழைய ஐ-ஓப்பனர்: வேலைக்கு வைப்பதா, காயலான் கடைக்குப் போடுவதா?

கானாடுகாத்தான் கட்டுவீடு எழுதியது:
இரண்டாம் கட்டில் சாமான் அறையை ஒழுங்குபடுத்தியபோது, சித்தப்பா அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த ஐ-ஓப்பனர் கிடைத்தது. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். 2000ஆம் ஆண்டு வாக்கில் நெட்ப்ளையன்ஸ் என்ற நிறுவனம் 99 டாலருக்கு விற்ற இணையப் பெட்டி இது. பத்து அங்குலத் தட்டைத் திரை, வின்சிப் செயலி, 32 எம்பி நினைவகம். வன்தட்டு கிடையாது. 16 எம்பி ஃப்ளாஷ் சில்லில் கியூஎன்எக்ஸ் என்ற இயங்குதளம் ஓடியது. விசைப்பலகையில் பீட்சா வரவழைக்கவே ஒரு தனி விசை! பெட்டியை நட்டத்துக்கு விற்று, மாதம் 21.95 டாலர் சந்தாவில் ஈடுகட்டுவதுதான் கணக்கு. லாஸ் வேகாஸ் பொறியாளர் கென் செக்லர் இதில் வன்தட்டைச் சேர்க்கலாம் என்று காட்டியதும் அந்தக் கணக்கு கவிழ்ந்தது. வாங்கியவர்கள் சந்தாவை விட்டுவிட்டு இலவச இயங்குதளமான லினக்ஸைப் போட்டுக்கொண்டார்கள்.

சித்தப்பாவும் அதைத்தான் செய்திருக்கிறார். நினைவகத்தை 64 எம்பி ஆக்கி, மடிக்கணினி வன்தட்டைக் கேபிளைத் திருப்பிப் பற்றவைத்து இணைத்திருக்கிறார். இன்றும் ஓடுகிறது. மாடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியின் மட்டத்தைக் கீழே பட்டாலைக் கூடத்தில் காட்ட இதை வைக்கலாமா என்று யோசிக்கிறேன். காவலுக்கு இருக்கும் பெரியவரால் மாடிப்படி ஏற முடியவில்லை.

மீட்டர்காரன் எழுதியது:
தம்பி, ஆசை வேறு, கணக்கு வேறு. பெட்டி 20 வாட் தின்கிறது என்று வைத்துக்கொண்டாலும், இரவும் பகலும் ஓடினால் ஆண்டுக்கு 175 யூனிட். தொட்டி நிரம்பினால் ஒலிக்கும் மணி சில நூறு ரூபாய்க்குக் கடையில் கிடைக்கிறது. இணையத்துக்கும் இந்தப் பெட்டி ஆகாது. லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியன் 2017இல் வந்த ஒன்பதாம் பதிப்பிலேயே இந்த வகைச் செயலிகளைக் கைவிட்டுவிட்டது. இன்றைய ஃபயர்பாக்ஸ் இதில் எழுந்திருக்கவே செய்யாது. முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைக்காரர் யாராவது அலமாரிக்கு அழகாக இருக்கும் என்று வாங்குவார். கொடுத்துவிடுங்கள்.

ஈயப்பற்று எழுதியது:
மீட்டர்காரன் அண்ணே, இணையத்துக்கு என்று அவர் எங்கே சொன்னார்? வலையிலேயே சேர்க்காமல் வைத்தால் உங்கள் பாதிக் குற்றச்சாட்டு போய்விடுகிறது. டைனி கோர் என்ற மிகச் சிறிய லினக்ஸின் வரைகலை இல்லாத பதிப்பு 28 எம்பி நினைவகத்தில் ஓடும். அது முழுவதும் நினைவகத்தில் ஏறிக்கொள்வதால், மின்சாரம் பட்டென்று போனாலும் கோப்புகள் சிதையா. நம் ஊர் மின்சாரத்துக்கு இதுதான் சரி. சுழலும் வன்தட்டை எடுத்துவிட்டு, வன்தட்டு இருந்த ஐடிஇ இணைப்பில் ஒரு மாற்றியைப் போட்டு, சுழலும் பாகமே இல்லாத காம்பாக்ட் ஃப்ளாஷ் நினைவக அட்டையைச் செருகுங்கள். பழைய வன்தட்டை இனி நம்ப முடியாது.

பெட்டியின் உண்மையான சொத்து பின்னால் இருக்கும் அச்சுப்பொறித் துறை (பேரலல் போர்ட்). இன்றைய மடிக்கணினியில் அது ஏது? அதில் 10, 11, 12, 13, 15 ஆகிய ஐந்து முனைகளும் உள்வாங்கும் முனைகள். தொட்டிக்குள் வெவ்வேறு உயரத்தில் ஐந்து மிதவை ஸ்விட்சுகளைத் தொங்கவிட்டால், கால், அரை, முக்கால் என்று மட்டம் தெரிந்துவிடும். 11ஆம் முனை மட்டும் தலைகீழாகப் படிக்கும், நிரலில் திருப்பிக்கொள்ள வேண்டும்.

மீட்டர்காரன் எழுதியது:
மொட்டை மாடியிலிருந்து பட்டாலை வரை நீளக் கம்பியை இழுத்து, நேராகத் துறையில் செருகச் சொல்கிறாயா? ஐப்பசியில் ஒரு இடி போதும், துறையும் போகும், பலகையும் போகும். மோட்டாரையும் இதிலிருந்தே ஓட்டலாம் என்று அடுத்து யாராவது சொல்வார்கள், அதையும் பார்க்கிறேன்.

ஈயப்பற்று எழுதியது:
நேராகச் செருகச் சொல்லவில்லை. மின்குறியை ஒளியாக்கிக் கடத்தும் பிசி817 ஒளி இணைப்பியை முனைக்கு ஒன்றாக நடுவில் வைத்தால் மாடிக் கம்பிக்கும் பலகைக்கும் மின்தொடர்பே இராது. பக்கத்தில் விழும் இடியின் அதிர்ச்சி பெரும்பாலும் அதோடு நின்றுவிடும். நேராகவே விழுந்தால் எதுவும் தாங்காது, உங்கள் சில நூறு ரூபாய் மணி உட்பட. மோட்டாரைத் தொடக் கூடாது என்பதில் நானும் உங்கள் கட்சி. மட்டத்தைக் காட்டட்டும், ஸ்விட்சைப் பெரியவர் போடட்டும்.

தேவகோட்டை ஆச்சி எழுதியது:
மணி ஒலித்தால் போதாதா என்பதற்கு ஒரு வார்த்தை. எங்கள் வீட்டுக் காவல்காரருக்குக் காது மந்தம். திரையில் பெரிதாக ஒரு நீலப் பட்டை தெரிந்தால் அவருக்கு அதுதான் வசதி. இன்னொன்றும் கேட்கிறேன். எங்கள் வீட்டைப் பார்க்க வெளியூர்க்காரர்கள் வருகிறார்கள். பர்மாவிலிருந்து வந்த தேக்குத் தூண், ஆத்தங்குடிக் கல் எல்லாவற்றையும் பற்றி வாய் ஓயாமல் சொல்ல வேண்டியிருக்கிறது. அப்பச்சி காலத்துப் புகைப்படங்களை இப்படி ஒரு பெட்டியில் ஓடவிட முடியுமா? தமிழில் விளக்கமும் வேண்டும்.

கானாடுகாத்தான் கட்டுவீடு எழுதியது:
முடியும் ஆச்சி. படத்தைத் திரையில் நேராகக் காட்ட எஃப்பிஐ என்ற சிறு நிரல் இருக்கிறது, சன்னல் அமைப்பு எதுவும் வேண்டாம். திரை 800க்கு 600 புள்ளி, அந்த அளவுக்குச் சுருக்கிய படம் விரித்தாலும் நினைவகத்தில் ஒன்றரை எம்பிக்குள்தான். தமிழில்தான் சிக்கல். லினக்ஸின் வெறும் எழுத்துத் திரை 512 எழுத்து வடிவங்களுக்கு மேல் வைத்துக்கொள்ளாது. கொம்பையும் துணைக்காலையும் உரிய இடத்தில் சேர்க்கவும் அதற்குத் தெரியாது. அதனால் விளக்கத்தை வேறு கணினியில் தட்டச்சு செய்து, படத்தோடு படமாகவே சேமித்துவிட வேண்டும்.

மீட்டர்காரன் எழுதியது:
ஆச்சி சொல்வது நல்ல வேலை, அதை மறுக்க மாட்டேன். வருகிறவர் இருக்கும்போது போட்டு, போனதும் அணைப்பார்கள். தொட்டி விஷயத்தில் என் பேச்சை மாற்றிக்கொள்ளவில்லை. நம் வட்டாரத்து வீடுகள் ஆண்டில் பாதிக்கு மேல் பூட்டிக் கிடக்கின்றன. இருபது வயது தாண்டிய மின்தேக்கிகளை ஆளில்லாத வீட்டில், தேக்கு உத்தரத்துக்குக் கீழே இரவும் பகலும் ஓடவிடுவது யார் பொறுப்பு? திரைக்குப் பின்னால் இருக்கும் விளக்கும் அந்தக் காலத்து மெல்லிய குழல் விளக்கு. எரிய எரிய மங்கும், மாற்றுக் குழல் தேடி அலைவீர்கள்.

கானாடுகாத்தான் கட்டுவீடு எழுதியது:
இரவும் பகலும் என்று நான் சொல்லவே இல்லையே அண்ணே. பெரியவர் மோட்டார் போடும் நேரத்துக்கு மட்டும், காலையில் அரை மணி. உங்கள் 175 யூனிட் நாலு யூனிட்டுக்கும் கீழே வந்துவிடும்.

மீட்டர்காரன் எழுதியது:
அப்படியானால் பூட்டும்போது பிளக்கைப் பிடுங்கிவைக்கச் சொல்லுங்கள். அடாப்டரின் அடியில் என்ன வோல்ட் அச்சிட்டிருக்கிறது என்பதையும் படியுங்கள். அமெரிக்கச் சரக்கு, 120 மட்டும் என்றிருந்தால் இடையில் ஒரு மின்மாற்றி வேண்டும்.

தேவகோட்டை ஆச்சி எழுதியது:
படங்களைப் பென்டிரைவில் போட்டுப் பொங்கலுக்கு வீடு திறக்கும்போது தருகிறேன். மொத்தமாகக் கொடுத்தால் ஏறுமா?

கானாடுகாத்தான் கட்டுவீடு எழுதியது:
ஏறும் ஆச்சி, மெதுவாகத்தான். இதில் இருப்பது பழைய யுஎஸ்பி, வேகம் விநாடிக்கு 12 மெகாபிட். சுருக்கிய பிறகே ஏற்றுவோம். மூலப்படங்களை அழித்துவிடாதீர்கள்.