வைகையில் நீச்சல் அடித்தவர்கள் மட்டும் பேசவும்

செல்லூர் சிங்கம்:
முந்தைய தலைமுறைக்கு எல்லாம் சும்மா கிடைத்தது, இப்போதைய பிள்ளைகள்தான் ஓடி ஓடி உழைக்கிறார்கள் என்று நேற்று ஒரு தம்பி எழுதியிருந்தார். படித்ததிலிருந்து மண்டை காய்கிறது. 1974இல் எனக்குப் பதினொரு வயது. பள்ளிக்கூடம் விட்டதும் பையைக் கல்பாலத்தில் போட்டுவிட்டு வைகையில் குதிப்போம், வருஷம் முழுக்க நீச்சல்தான். இவர்களுக்கு மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது, உழைக்கிறார்களாம்.

மாட்டுத்தாவணி மைனர்:
அந்தத் தம்பி நான்தான் ஐயா. மற்றதை விடுங்கள், வருஷம் முழுக்கவா? வைகை அணை 1959இல் வந்துவிட்டது. அதற்குப் பிறகு ஆற்றில் அளந்து விடுகிற தண்ணீர்தான், அதிலும் வழியில் பேரணைத் தடுப்பணையில் மேலூர்ப் பக்கம் போகிற பெரியாறு கால்வாய்க்குத் திருப்பியது போக மிச்சம்தான் மதுரைக்கு. அழகர் இறங்கவே அணையைத் திறக்க வேண்டியிருக்கிற ஊரில் பங்குனி மாதம் எங்கே குதித்தீர்கள்?

செல்லூர் சிங்கம்:
அணைக் கணக்கை கூகுளில் பார்த்து எழுத எனக்கும் தெரியும். நான் ஆற்றங்கரையில் வளர்ந்தவன். அப்போது ஆள் உயரத்துக்கு மணல் கிடந்தது, கையால் தோண்டினாலே ஊற்று வரும்.

மாட்டுத்தாவணி மைனர்:
ஊற்றிலா நீச்சல் அடித்தீர்கள்? சரி, அந்த மணலை அள்ளி விற்றது எந்தத் தலைமுறை? நாங்கள் அப்போது பால்வாடியில் இருந்தோம்.

ஆழ்வார்புரம் டீச்சர்:
நீச்சல் எல்லாம் ஆண்பிள்ளைகளுக்கு. எங்களுக்குக் குடம். கோடையில் ஊற்றுத் தோண்டி, கலங்கல் தெளியும்வரை காத்திருந்து, கொட்டாங்கச்சியால் மொண்டு மொண்டு ஊற்ற வேண்டும். ஒரு குடம் நிறைவதற்குள் இடுப்பு விட்டுப்போகும். வருஷம் முழுக்க ஆறு ஓடியிருந்தால் நான் ஏன் கொட்டாங்கச்சியோடு உட்கார்ந்திருக்கிறேன்?

செல்லூர் சிங்கம்:
டீச்சர், அது உங்கள் கரை. கல்பாலம் பக்கம் மடு இருந்தது.

தெப்பக்குளத்தான்:
நீச்சல் என்றால் கிணற்று நீச்சல்தான். முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டி என் தாய்மாமன் மேலேயிருந்து தள்ளிவிட்டார், அன்றைக்குக் கற்றதுதான். முழங்கால் தண்ணீரில் கை காலை அடிப்பதற்குப் பெயர் குளியல்.

செல்லூர் சிங்கம்:
யாருக்கு முழங்கால் தண்ணீர்? கறிதோசைத் திரியில் போன மாதம் நான் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் ஓடியவர்தானே நீங்கள்? முதலில் அதைச் சொல்லிவிட்டு இங்கே வாருங்கள்.

தெப்பக்குளத்தான்:
கறிதோசையில் நீங்கள் சொன்னதும் வருஷம் முழுக்க மாதிரிதான்.

மாட்டுத்தாவணி மைனர்:
எங்களுக்கு மூச்சு வாங்குகிறது என்கிறீர்களே, 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காகத் தமுக்கத்தில் ராப்பகலாக உட்கார்ந்தது யார்? செல்லூரில், உங்கள் வீட்டுப் பக்கம், வைகைப் பாலத்தின் மேலேயே ரயிலை மறித்தது யார்?

செல்லூர் சிங்கம்:
உட்கார்ந்தீர்கள், சரி. சோற்றுப் பொட்டலமும் தண்ணீர் பாட்டிலும் சுமந்து வந்தது யார்? நாங்கள். என் சைக்கிளில் மட்டும் மூன்று நடை. வாடிவாசலை எட்டிப் பார்க்காத பயல்கள் கையில் செல்போன் லைட்டைப் பிடித்துக்கொண்டு நின்றதற்குப் பெயர் வீரமா?

மாட்டுத்தாவணி மைனர்:
பாட்டில் எதற்கு ஐயா? பக்கத்தில் வைகைதான் வருஷம் முழுக்க ஓடிக்கொண்டிருந்ததே.

தெப்பக்குளத்தான்:
பிட்டுக்கு மண் சுமந்த அன்றைக்கும் சிங்கம் கரையில்தான் நின்றிருப்பார் போல. பிரம்படி பட்டதா என்று கேட்டுச் சொல்லுங்கள்.

செல்லூர் சிங்கம்:
நக்கல் அடிக்க மட்டும் எல்லாருக்கும் வாய் இருக்கிறது. என்னிடம் போட்டோ இருக்கிறது. நானும் என் தம்பியும் கழுத்தளவு தண்ணீரில் நிற்கிறோம், பின்னால் பாலம் தெரிகிறது. ஞாயிற்றுக்கிழமை பரணில் தேடி எடுத்துப் போடுகிறேன்.

மாட்டுத்தாவணி மைனர்:
எந்த மாதம் எடுத்தது என்றும் போடுங்கள். ஐப்பசிப் படம் செல்லாது.

ஆழ்வார்புரம் டீச்சர்:
உட்கார்ந்தாலும் கழுத்தளவு வரும்.

செல்லூர் சிங்கம்:
அப்படியென்றால் நான் பொய் சொல்கிறேனா? வருஷம் முழுக்க என்றால் வருஷம் முழுக்கத்தான். தெப்பக்குளத்தாரே, கறிதோசைக்கு இன்னும் பதில் வரவில்லை.