புதுப்பிப்பு: எங்கள் ஊர்ப் பாலத்தில் அதிர்வு சோதனை முடிந்தது

ஊட்டி பக்கம் எங்கள் ஊர்ப் பாலத்துக்கு எதற்கு அதிர்வு சோதனை, பாரம் ஏற்றிய லாரியை நிறுத்திப் பார்த்தால் போதாதா என்று முன்பு கேட்டிருந்தேனே, அது முடிந்துவிட்டது. பாலத்தை யாரும் ஆட்டவில்லை. காற்றும் போகிற வண்டிகளும் தரும் சின்ன நடுக்கத்தையே கருவிகள் பதிவு செய்தன, அதிலிருந்து பாலத்தின் இயல்பு அதிர்வெண்ணை, அதாவது அது தன் போக்கில் நொடிக்கு எத்தனை முறை அதிர்கிறது என்பதைக் கணக்கிடுகிறார்கள். விரிசல் விழுந்து பாலத்தின் விறைப்பு, அதாவது வளையாமல் நிற்கும் தன்மை, குறைந்தால் அந்த எண் இறங்கும்.

ஆனால் உறைபனி விழும் நம் ஊரில் ஒரு நாள் காலையில் எடுத்த அளவை மட்டும் நம்பவே கூடாது! சுவிட்சர்லாந்தின் இசட்24 பாலத்தை 1998-இல் இடிப்பதற்கு முன் ஏறக்குறைய ஓராண்டு கண்காணித்தபோது, குளிர் பூஜ்யத்துக்குக் கீழே போனதும் மேலே போட்ட தார் இறுகிப் பாலத்தின் விறைப்பைக் கூட்டியதால் அதிர்வெண் ஏறியது. அப்புறம் விரிசலால் இறங்க வேண்டிய எண்ணைக் குளிரே தூக்கிவிட்டால் எப்படித் தெரியும்? கோடையிலும் அளக்கச் சொல்லி மனு கொடுத்திருக்கிறோம்.